தீக்குச்சி, பென்சில், நாலு செகண்டுக்கு ஒரு கை

எங்களுக்குக் கோவில்பட்டி பக்கம். அம்மா இருபது வருஷத்துக்கு மேல தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கினவ, அதாவது மருந்துல முக்கறதுக்காகக் குச்சிகளைச் சட்டத்துல வரிசையா அடுக்கறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒண்ணுல தீக்குச்சி செய்யறதை டிவியில காட்டினாங்க. "எம்மா, இங்க வந்து பாரு"ன்னு கூப்பிட்டேன்.

வரிசையா ஓட்டை போட்ட இரும்புத் தகடு சங்கிலி மாதிரி நகர்ந்துகிட்டே இருக்கு. ஓட்டைக்கு ஒரு குச்சி தானா செருகிக்குது. மெழுகுல முங்கி, அடுத்து மருந்துல முங்கி, மேலயும் கீழயும் சுத்திக் காஞ்சு கடைசியில பெட்டிக்குள்ள விழுது. குச்சியை முதல்லயே அமோனியம் பாஸ்பேட் கரைசல்ல நனைச்சிடுவாங்களாம். அப்பதான் ஊதி அணைச்ச பிறகு கங்கு நிக்காது. எனக்கு அது புதுசு. அம்மா அதையெல்லாம் காதுலயே வாங்கலை.

"அந்தா, ரெண்டு குச்சி மருந்து பிடிக்காமப் போகுது பாருடா."

எனக்கு ஒண்ணும் தெரியலை. அப்புறம் செல்லுல அதே வீடியோவைத் தேடிப் பிடிச்சு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ரெண்டு மொட்டைக் குச்சி!

"அந்தப் பெட்டி என்ன விலைடா?"ன்னு கேட்டா. அதை மட்டும் இந்த நிகழ்ச்சிகள்ல சொல்லவே மாட்டாங்க. இங்க ஒரு ரூபாய்ப் பெட்டி 2 ரூபாயாக 14 வருஷம் ஆச்சு, 2021 டிசம்பர்லதான் ஏத்தினாங்க. கூலியும் அதுக்குள்ளதானே வரணும்.

*

தீப்பெட்டி எழுதினவருக்கு: விலை மட்டுமில்லைங்க, ஆளையும் காட்ட மாட்டாங்க. பொருளெல்லாம் எப்படித் தயாராகுதுன்னு காட்டற 'ஹவ் இட்ஸ் மேட்' நிகழ்ச்சியைப் பாருங்க, 2001-ல கனடாவுல ஆரம்பிச்சது. பெரும்பாலும் தொகுப்பாளர் கிடையாது, பேட்டி கிடையாது, பின்னாடி ஒரு குரல் மட்டும். எனக்கு அதுதான் பிடிக்கும். டிவியில யாரும் கத்தாத அரை மணி நேரம் வேற எங்க கிடைக்குது?

பென்சில் செய்யறதைப் பார்க்கிற வரைக்கும், கட்டையில துளை போட்டு உள்ள குச்சியை நுழைப்பாங்கன்னே நினைச்சிருந்தேன். அப்படி இல்லை. மெல்லிய பலகையில நீள நீளமாப் பள்ளம் போட்டு, கிராஃபைட்டும் களிமண்ணும் பிசைஞ்சு சுட்ட குச்சியைப் படுக்க வெச்சு, பள்ளம் போட்ட இன்னொரு பலகையை மேல ஒட்டிடறாங்க. பிறகுதான் தனித்தனியா அறுக்கறது. சின்ன வயசுல தண்ணியில ஊறப் போட்ட பென்சில் நேர் பாதியாப் பிளந்தது ஏன்னு முப்பத்தஞ்சு வயசுல புரிஞ்சது. உடனே பையன் டப்பாவுல இருந்து ஒண்ணை எடுத்து, சீவாத முனையைப் பார்த்தேன். தலைமுடி மாதிரி ஒட்டின கோடு தெரிஞ்சுது. இன்னொண்ணை ஊறப் போட்டுப் பார்த்ததுக்கு வீட்டுல திட்டு.

*

நான் திரைக்கு அந்தப் பக்கம் நின்னவன். சோப்பு கம்பெனியில வேலை பார்த்தப்ப ஒரு சேனல்காரங்க படம் எடுக்க வந்தாங்க. ரெண்டு நாள் முன்னாடியே தரையெல்லாம் தேய்ச்சுக் கழுவியாச்சு. சோப்பு அச்சு குத்தற இடத்துல, கோணலா வர்ற கட்டியை எடுத்து ஓரமாப் போடறதுதான் என் வேலை. அன்னிக்குன்னு பார்த்து ஒண்ணுகூடக் கோணலா வரலை. "சும்மா ஒண்ணை எடுங்கண்ணே"ன்னு கேமராக்காரத் தம்பி கெஞ்சினதுல, நல்ல கட்டியையே எடுத்துப் போட்டேன்.

சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவெச்சேன். வந்தது நாலு செகண்டு, மணிக்கட்டு வரைக்கும்தான். கையில கிடந்த சிவப்புக் கயித்தை வெச்சு என் வீட்டுக்காரி மட்டும் கண்டுபிடிச்சா. மறுநாள் சூப்பர்வைசரும் கண்டுபிடிச்சுட்டார்: "லைன்ல நிக்கும்போது கயிறு கட்டக் கூடாதுன்னு எத்தனை தடவைய்யா சொல்றது?"