ஹன்னா-பார்பெரா சுழல் நட்சத்திரம்: பழைய டேப் பதிவுகள் தேவை

நண்பர்களே, அமெரிக்க ஸ்டூடியோவான ஹன்னா-பார்பெராவின் கார்ட்டூன்கள் முடியும்போது வரும் சுழல் நட்சத்திர லோகோவை, 1979-இல் வந்த வடிவம் முதல் 1986-இன் கணினி வடிவம் வரை வரிசையாகத் தொகுக்கிறோம். கையில் இருப்பதில் பாதி பால் (PAL) என்ற, ஐரோப்பா போன்ற இடங்களின் பழைய டிவி முறைப் பதிவுகள். நொடிக்கு 24 ஃபிரேம் படம் அதில் 25-ஆக ஓடுவதால் 4% வேகம் கூடி, இசையின் சுருதியும் ஏறிவிடுகிறது. ஒரே லோகோ இரண்டு வடிவம் போல ஏமாற்றுகிறது.

அமெரிக்க ஒளிபரப்பிலிருந்து எடுத்த, என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்காவின் பழைய டிவி முறை) விஎச்எஸ் வீடியோ டேப் யாரிடமாவது உண்டா? 720×480, 29.97 ஃபிரேமில் ஏற்றுங்கள். தயவுசெய்து டீஇன்டர்லேஸ் (ஃபிரேமின் ஒற்றை, இரட்டை வரிகளைக் கலந்து கோடுகளை மறைப்பது) மட்டும் செய்துவிடாதீர்கள். 24 ஃபிரேம் படத்தை 29.97-க்கு நீட்டியிருப்பதால், ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால் மூன்று தெளிவாகவும் அடுத்த இரண்டு சீப்புப் பல் போல கோடு கோடாகவும் தெரியும். அந்த ஒழுங்கு கெடாமல் இருந்தால்தான் மூல 24 ஃபிரேமைப் பிரித்தெடுக்க முடியும். கலந்துவிட்டால் மீட்கவே வழியில்லை.

லோகோவுக்கு முன் பத்து நொடியையும் வெட்டாமல் விடுங்கள். மறு ஒளிபரப்பில் பழையதை எடுத்துவிட்டுப் புது லோகோவை ஒட்டுவது வழக்கம். முந்தைய இசை பாதியில் அறுந்தால் ஒட்டு வேலை என்று பிடித்துவிடலாம். எந்த ஆண்டுப் பதிவு என்று தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.