படகில் ஸ்டியரிங் ஏன் வலப்பக்கம்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஏரிக்கரையான்:
போன கோடையில் ஒன்ராறியோவில் மஸ்கோகா ஏரியில் ஒரு சின்னப் படகை வாடகைக்கு எடுத்தோம். ஏறிப் பார்த்தால் ஸ்டியரிங் வலப்பக்கம். இருபது வருசமாக இடப்பக்கம் இருந்து கார் ஓட்டிப் பழகிய உடம்பு எனக்கு. ஓடும்போது கரைச்சல் இல்லை. திரும்பி வந்து இடப்பக்கமாக ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், அணைத்தேன், விளிம்பே தெரியவில்லை. மாமனார் எட்டிப் பார்த்து "இன்னும் ஒரு சாண் இருக்கு" என்கிறார், அதே நேரம் 'கர்ர்ர்'. அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. எந்தப் புண்ணியவான் வலப்பக்கம் வைத்தான்?

ஒஸ்லோவாசி:
வைக்கிங் கப்பல் மியூசியத்தைத் திருத்த வேலைக்கு மூட முதல் மகளோடு போனேன். 1904இல் தோண்டி எடுத்த ஒசபெர்க் கப்பல், ஆயிரத்து நூறு வருசத்துக்கு மேல் பழையது. பின்பக்கம் வலது ஓரத்தில் நீளமாக ஒரு துடுப்பு, அதுதான் சுக்கான். மகள் சுற்றி வந்து, "அப்பா, இடப்பக்கத்துத் துடுப்பை ஆர் களவெடுத்தது?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இருந்ததே ஒன்றுதான். வலக்கைக்காரர்தானே அதிகம். கப்பலின் வலப்பக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டார்போர்டு' என்று பெயர், சுக்கான் பிடிக்கிற பக்கம் என்பதுதான் அர்த்தம். நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுக்கான் நசுங்கக் கூடாதென்று மற்றப் பக்கத்தைக் கரையில் அணைப்பார்கள். அந்தப் பக்கத்தின் பழைய பெயர் 'லார்போர்டு'. காற்றில் கத்தினால் இரண்டும் ஒன்றுபோல் கேட்கும் என்பதால் பிரிட்டிஷ் கடற்படை 1844இல் அதைப் 'போர்ட்' என்று மாற்றியது.

நைட் வாட்ச்:
அண்ணன் சொன்னது பெயர் வந்த கதை. இன்றைய கப்பலில் சுக்கான் நட்ட நடுவில் இருக்கிறது, வீலும் நடுவில்தான். சின்னப் படகில் வலப்பக்கம் வைப்பதற்கு விதியோடு பொருத்தம் உண்டு: குறுக்கே வருகிற கப்பல் உங்கள் வலப்பக்கம் இருந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும், அதனால் அந்தப் பக்கம் நன்றாகத் தெரிய வேண்டும். நான் கேடட்டாக, அதாவது கப்பலில் பயிற்சி அதிகாரியாக, இருந்தபோது சிங்கப்பூர் ஜலசந்தியில், ராத்திரி, வலப்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு. அது குறுக்கே வந்த இன்னொரு கப்பலின் இடப்பக்க விளக்கு. அசையாமல் ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தது. கேப்டன் ஒன்றும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு விளக்கே தேவலாம்.

தூத்துக்குடிக்காரன்:
விதி வந்தது நேற்று சார், ஆளின் எடை அதற்கும் முந்தியது. மாமாவின் ஃபைபர் படகில் சின்ன வயதில் இடப்பக்கம் உட்கார்ந்தேன். "அந்தாண்ட போடா, சாயுது" என்று ஒரு அதட்டல். பெரும்பாலான புரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுற்றும். படகு எதிர்ப்பக்கமாக, இடப்பக்கம் சாயும். ஓட்டுபவர் வலப்பக்கம் இருந்தால் சமன்.

ஏரிக்கரை அண்ணா, அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். முதலில் பழைய டயரோ ஃபெண்டரோ (இடி தாங்குகிற மெத்தை) இடப்பக்கம் கட்டுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். கொஞ்சம் சாய்வாக, நடக்கிற வேகத்தில் வாருங்கள். நியூட்ரல் போடுங்கள். மூக்கு நெருங்கியதும் வீலை ஜெட்டிப் பக்கம் திருப்பி லேசாக ரிவர்ஸ் கொடுங்கள், வால் தானாக உள்ளே வரும். கயிறு எடுக்க ஒரு ஆளை முன்னாலேயே நிறுத்துங்கள். எட்டிப் பார்க்கிறவர்களை உட்காரச் சொல்லுங்கள்.

ஏரிக்கரையான்:
தம்பி, நான் கேட்டது ஏன் என்றுதான். டெபாசிட் போனது போனதுதான். மாமனார் இன்றைக்கும் ஒரு சாண் இருந்தது என்றே சொல்கிறார்.