முன்பல்லு தேஞ்சு குட்டையாகுது, கேப் போட்டே ஆகணுமா?

கேள்வி:
வணக்கம், எனக்கு வயசு 41. மேல் முன்பல்லு நுனி கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு மெலிசாகிட்டே வருது, வெளிச்சத்துல பாத்தா நுனி கண்ணாடி மாதிரி இருக்கு, பழைய போட்டோவ எடுத்துப் பாத்தப்பதான் எவ்ளோ குட்டையாயிடுச்சுன்னே புரிஞ்சுது. ஐஸ் தண்ணி பட்டா சுர்ருனு கூசுது. சொத்தை ஒண்ணும் இல்ல, ரெண்டு வேளையும் நல்லா அழுத்தி தேய்க்கிறேன். டாக்டர் ஆறு பல்லுக்கும் கேப் (பல்லு மேல மாட்டுற உறை) போட்டுக்கலாம்ங்கிறார். ஏன் தேயுது, கேப் இல்லாம வேற வழி இருக்கா? ரொம்ப பயமா இருக்கு.

பதில் 1:
தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறீங்களான்னு வீட்ல கேட்டுப் பாருங்க. நான் கடிக்கிறது எனக்கே தெரியாது, என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். காலைல எந்திரிச்சாலே தாடையும் நெத்திப்பொட்டும் வலிக்கும். அளவெடுத்து நைட் கார்டு, அதாவது ராத்திரி பல்லுல மாட்டிக்கிற தடுப்பு, செஞ்சு குடுத்தாங்க. கடிக்கிறது நிக்கல, ஆனா இப்போ தேயுறது கார்டுதான், பல்லு இல்ல.

பதில் 2:
நான் பல் டாக்டர். எங்க தேஞ்சிருக்குன்னு பாத்தாலே காரணம் பாதி தெரிஞ்சிடும். கடிச்சுத் தேஞ்சா மேலயும் கீழயும் தட்டையா, ஒண்ணோட ஒண்ணு பொருந்துற மாதிரி இருக்கும். அழுத்தி பிரஷ் பண்ணித் தேஞ்சா ஈறு ஓரமா ஆப்பு வச்சு வெட்டுன மாதிரி பள்ளம் விழும். நுனி கண்ணாடியா தெரியுதுன்னா எனக்கு முதல்ல ஆசிட் மேலதான் சந்தேகம். பிஎச் (ஆசிட் அளவு, எண் குறையக் குறைய ஆசிட் அதிகம்) சுமார் 5.5-க்கு கீழ போனாலே எனாமல், அதாவது பல்லோட கெட்டியான வெளி ஓடு, கரைய ஆரம்பிச்சிடும், கோலா 2.5 பக்கம், வயித்து ஆசிட் அதைவிட மோசம். மேல் முன்பல்லோட உள்பக்கத்தை நாக்கால தடவிப் பாத்து சொல்லுங்க. நெஞ்செரிச்சல் இருக்கா?

கேள்வி கேட்டவர்:
உள்பக்கம் வழுவழுன்னு குழிஞ்சிருக்கு டாக்டர்! கூல் ட்ரிங்க்ஸ் தொடுறதில்ல, ஆனா ராத்திரி படுத்தா புளிச்சுப் புளிச்சு எதுக்களிக்கும், வருஷக்கணக்கா இருக்கு, அதுக்கும் பல்லுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நெனச்சதே இல்ல. வாய் புளிப்பு தாங்காம உடனே எந்திரிச்சு பிரஷ் வேற பண்ணுவேன்.

பதில் 2:
அந்த பிரஷ்ஷை முதல்ல நிறுத்துங்க. ஆசிட் பட்ட எனாமல் இளகிப்போய் இருக்கும், அப்போ தேய்ச்சா அப்படியே வழிச்சுட்டு வந்திடும். வெறும் தண்ணில கொப்பளிச்சுட்டு ஒரு மணி நேரமாவது விடுங்க. பிரஷ் சாஃப்டா இருக்கட்டும், ஃப்ளோரைடு பேஸ்ட் போட்டு தேய்ச்சுட்டு துப்பினதோட விட்டுடுங்க, தண்ணி ஊத்தி கழுவ வேணாம். கரிப்பவுடர் பக்கமே போகாதீங்க. கூச்சத்துக்கு பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிற பேஸ்ட் உதவும், ஆனா சில வாரம் ஆகும்.

இந்த வாரமே வயித்து டாக்டரைப் பாருங்க. எதுக்களிப்பு நிக்காம கேப் போட்டா கேப்புக்கு வெளிய இருக்கிற பல்லு கரைஞ்சுகிட்டேதான் இருக்கும். எனாமல் திரும்ப வளராது, அதை உண்டாக்கின செல்லுங்க பல்லு வெளிய வரும்போதே போயிடும். கேப்புன்னா சுத்தி சீவணும், மிச்சமிருக்கிற எனாமலையும் இழக்கணுமேன்னுதான் எனக்குக் கவலை. நிறைய பேருக்கு சீவாமலே காம்போசிட் (பல்லு நிறத்துல ஒட்டுற பொருள்) வச்சு நீளத்தைக் கட்டி எழுப்பிடலாம், ஓரம் உடைஞ்சா திரும்ப ஒட்டிக்கலாம். இதை உங்க டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க. இப்பவே பல்லு அச்சு எடுத்து வைக்கச் சொல்லுங்க, ஆறு மாசம் கழிச்சு வச்சுப் பாத்தா தேய்மானம் நின்னுச்சா இல்லையான்னு தெரியும். நடுவுல ஒண்ணும் படாமலே தானா வலிச்சா காத்திருக்காம போங்க, அது நரம்பு வரைக்கும் போயிருக்கலாம், ரூட் கெனால் தேவைப்படும்.