கோத்தகிரியில் வனக் குளியல்: பேக்கேஜ் எடுக்கலாமா?

கோவை_நிலா:
ஐப்பசியில் அம்மாவுடன் கோத்தகிரி போகிறேன். தங்கப்போகிற ரிசார்ட்டில் வனக் குளியல் என்று, அதாவது காட்டுக்குள் அவசரமில்லாமல் அமைதியாக இருந்துவிட்டு வர, இரண்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு 2,500 ரூபாய் கேட்கிறார்கள். வேலை முடிந்து லேப்டாப்பை மூடினாலும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் ஆசை. நிஜமாகவே பலன் இருக்கிறதா, இல்லை நாங்களே போய் வந்தால் போதுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஆகாது.

மலைக்காரன்:
காசு கொடுத்து எதுக்குங்க? லாங்வுட் சோலை என்ற இயற்கைக் காடு டவுனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 116 ஹெக்டேர், 2024ல் ராம்சர் என்ற உலக அளவிலான ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். வனத்துறை அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். போட்டோவுக்கு அழகு என்று பைன், யூக்கலிப்டஸ் தோப்புக்குப் போய்விடாதீர்கள், அதெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம், கீழே செடி கொடி அதிகம் இருக்காது. சோலைக்குள் மரமெல்லாம் பாசி பிடித்து, பட்டப்பகலிலேயே அரையிருட்டாக இருக்கும். ரொம்ப தூரம் நடக்க வேண்டாம், அம்மாவை ஓரிடத்தில் உட்கார வையுங்கள், நீங்களும் பேசாமல் உட்காருங்கள். முதலில் போரடிக்கும், கை போனைத் தேடும். நாம் அசையாமல் இருந்தால்தான் நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை கூட்டமாகக் கத்திக்கொண்டு பக்கத்தில் வரும்.

சந்தேகராஜா:
பலன் பற்றிக் கேட்டீர்களே. 1982ல் ஜப்பான் வனத்துறை 'ஷின்ரின் யோகு' (வனக் குளியல்) என்று ஆரம்பித்து வைத்ததுதான் இது. பிறகு சிங் லீ என்ற டாக்டர் டோக்கியோ ஆபீஸ்காரர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய் ரத்தத்தைப் பரிசோதித்தார், நோயை எதிர்க்கும் என்.கே. செல்களின் செயல்திறன் கூடியிருந்தது. மரங்கள் விடும் பைட்டன்சைடு என்ற வாசனைப் பொருளும் ஒரு காரணம் என்கிறார். ஆனால் அதில் இருந்தது 12 ஆண்கள், அதுவும் மூன்று நாள் இரண்டு ராத்திரி பயணம். அதைக் காட்டி இரண்டு மணி நேரத்தை விற்பது கொஞ்சம் ஓவர். மனசு லேசாகும், அதை நான் மறுக்கவில்லை, நோய் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தேயிலைக்காடு:
கண்ணை மூடித் தியானம் செய்கிற வேலை மட்டும் வேண்டாம், இது ஜப்பான் பார்க் இல்லை. கோத்தகிரியில் கரடி தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே நடமாடுகிறது, காட்டெருமை ரோட்டிலேயே நிற்கும். காலை ஒன்பதுக்கு மேல் போய் நாலு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். ஐப்பசியில் எங்களுக்கு நல்ல மழை, அட்டை ஏறும், பேண்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொண்டு கொஞ்சம் உப்பு எடுத்து வாருங்கள். சென்ட் போடாதீர்கள், அப்புறம் காட்டு வாசம் எங்கே தெரியும்?

கோவை_நிலா:
சரி, பேக்கேஜ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அட்டை என்றதும் அம்மா யோசிக்கிறார். கார் கொண்டுவந்தால் இ-பாஸ் வேண்டுமா?

மலைக்காரன்:
ஆமாம், வேறு மாவட்ட வண்டி என்றால் வேண்டும், ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால் அந்தத் தொல்லையும் இல்லை. அம்மாவை ஜன்னலோரம் உட்கார வையுங்கள், வளைவு ஜாஸ்தி.