கலைச்சொல்: 'தன்னினைவு', 'துணை நினைவு' சரிதானா?

வணக்கம்.

நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி இவற்றில் எது செய்தியை மக்கள் மனத்தில் பதிக்கிறது என்று அளக்கும்போது இரண்டு எண்கள் வருகின்றன. "இன்றைய செய்தியில் என்னென்ன வந்தது?" என்று மட்டும் கேட்டுப் பெறுவது ஒன்று. தலைப்பை வாசித்து, "இது நினைவிருக்கிறதா? என்ன சொன்னார்கள்?" என்று கேட்டுப் பெறுவது மற்றொன்று. முன்னதைத் 'தன்னினைவு' என்றும் பின்னதைத் 'துணை நினைவு' என்றும் எழுதலாமா?

மறுமொழி:

தன்னினைவு வேண்டாம். 'தன்னினைவின்றிக் கிடந்தார்' என்றால் மயங்கிக் கிடந்தார் என்பதே பொருள். ஆனால் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் தேவை. 1976இல் ரஸல் நியூமன் வெளியிட்ட சான் பிரான்சிஸ்கோ வட்டார ஆய்வில், மாலைத் தொலைக்காட்சிச் செய்தி பார்த்தவர்கள் சராசரியாக 19.8 செய்திகளில் 1.2ஐத்தான் தாமாகச் சொன்னார்கள். தலைப்பை வாசித்ததும் இன்னும் பல நினைவுக்கு வந்தன. இரண்டையும் வெறுமனே 'நினைவு' என்று எழுதினால், ஓர் ஊடகத்தின் முதல் எண்ணை இன்னொன்றின் இரண்டாம் எண்ணோடு ஒப்பிட்டுவிடுவார்கள்.

மறுமொழி:

நம்மிடமே சொல் இருக்கிறது, ஐயா: அடியெடுத்துக் கொடுத்தல். சேக்கிழாருக்கு 'உலகெலாம்' என்று இறைவன் அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்கிறோமே, அதுதான் இங்கே தலைப்பை வாசிப்பவர் செய்வது. 'அடியெடுத்த நினைவு', 'அடியெடுக்கா நினைவு' எனலாம். 'துணை' என்றால் பக்கத்தில் இருந்தவர் சொல்லிக்கொடுத்தார் என்றும் படும்.

மறுமொழி:

அடியெடுத்த நினைவு பொருத்தம். ஒன்றைப் பிரித்து வையுங்கள்: நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நினைவுகூர்தல் அல்ல, 'இனங்காணல்'. அதில் குருட்டாம்போக்கில் குறித்தாலே நாலில் ஒன்று சரியாகிவிடும்.

வரையறையோடு களக்குறிப்பும் சேர வேண்டும். அடியெடுக்காமல் கேட்பதே முதலில், "வேறு ஏதாவது?" என்று அனைவரிடமும் ஒரே எண்ணிக்கையில் கேட்க வேண்டும். வரிசை மாறினால் நாம் வாசித்த தலைப்பையே திருப்பிச் சொல்வார்கள். தலைப்புகளுக்கிடையே வராத செய்தி ஒன்றையும் கலக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர் அதில் தெரிந்துவிடுவார். நாளிதழின் தலைப்பை அதே சொற்களில் வாசித்தால் அதைப் படித்தவருக்குச் சாதகம். படத்தைக் காட்டினால் தொலைக்காட்சி பார்த்தவருக்குச் சாதகம். அதனால் மூன்றுக்கும் பொதுவான ஒரு வரியை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். மறுநாள் என்றால் இரவுச் செய்தியும் காலை நாளிதழும் கலந்துவிடும்.

மறுமொழி:

'அடியெடுக்கா' என்பது பேச்சில் இடறுகிறது. 'தானாக வந்த நினைவு' என்று விரித்தே எழுதினால் என்ன? அட்டவணைத் தலைப்பில் இடம் போதுமா என்பதுதான் கேள்வி.