முதலாளி பேசுகிறேன் என்று வந்த அழைப்பு

கும்பகோணத்தை அடுத்த ஒரு வங்கிக் கிளையில் நான் அதிகாரியாக இருந்தபோது, சம்பா அறுவடை மும்முரமாக நடந்த ஒரு தை மாத வெள்ளிக்கிழமை, அடகு நகையை மீட்க வந்தவர்களின் கூட்டம் வாசல்வரை நின்ற நேரத்தில் மேலாளரின் அலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. எங்களிடம் பெரிய கணக்கு வைத்திருக்கும் அரிசி ஆலையின் உரிமையாளர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர், முதலில் கணக்கில் இருப்பு எவ்வளவு என்று கேட்டார், மேலாளரும் சொல்லிவிட்டார். அதன் பிறகே, திருச்சி மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்திருப்பதாகவும், 8,40,000 ரூபாயை உடனே ஆர்டிஜிஎஸ் (பெரிய தொகையை வேறு வங்கிக் கணக்குக்கு உடனுக்குடன் அனுப்பும் முறை) மூலம் அனுப்பினால் மாலைக்குள் காசோலையைக் கொடுத்தனுப்புவதாகவும் கூறினார். வாட்ஸ்அப் முகப்பில் உரிமையாளரின் படம் இருந்தது. சற்று நேரத்தில் ஆலையின் லெட்டர்பேடில் கடிதமும் மின்னஞ்சலில் வந்தது. அதிலிருந்த கையொப்பம் எங்கள் மாதிரிக் கையொப்பத்தோடு ஒத்தும் போனது.

எழுத்தர் பதிவு செய்துவிட்டார். நான் அங்கீகரிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அந்த ஆலைக்காரர் எதற்கும் கணக்குப்பிள்ளையை மஞ்சள் பையுடன் அனுப்புகிறவரேயன்றி மின்னஞ்சல் அனுப்பி நான் பார்த்ததில்லை. மேலாளரைத் 'தம்பி' என்றே அழைப்பார்; வந்த அழைப்பிலோ மூச்சுக்கு முந்நூறு 'சார்'. பதிவில் உள்ள எண்ணுக்கு ஒருமுறை பேசிவிடலாம் என்றேன். மருத்துவமனையில் தவித்து நிற்கும் பெரிய மனிதரைச் சந்தேகித்துக் கேட்பது மரியாதையா என்று மேலாளர் தயங்கினார். அவரைக் குறை கூற மாட்டேன். கணக்கை வேறு வங்கிக்கு மாற்றிவிடுவார்களோ என்ற அச்சம் கிளையில் அமர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஆர்டிஜிஎஸ்ஸில் போய்ச் சேர்ந்த பணத்தை நாமாகத் திரும்ப எடுக்க முடியாது; பணம் போய்ச் சேர்ந்த வங்கி அதை முடக்குவதற்குள் பல கணக்குகளுக்குச் சிதறிவிடும்.

கிளைத் தொலைபேசியிலிருந்து நானே அழைத்தேன். அவர் ஆலைக் களத்தில் நெல் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரத்தில் நேரில் வந்தவர், சந்தேகப்பட்டதற்குக் கோபிக்கவில்லை. இருப்பைச் சொன்னதற்குத்தான் கோபித்தார்.

—

மேலே எழுதியவருக்கு அமைந்த ஆலைக்காரரைப் போல எனக்கு யாரும் அமையவில்லை. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிளையில் பணியில் சேர்ந்த மூன்றாம் வாரம், மண்டல மேலாளரின் படத்துடன் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. தாம் கூட்டத்தில் இருப்பதால் பேச இயலாது என்றும், வாடிக்கையாளர்களுக்குப் பரிசளிக்க தலா 10,000 ரூபாய் மதிப்புள்ள பரிசு அட்டைகள் ஐந்தை வாங்கி எண்களை அனுப்ப வேண்டும் என்றும், மாலையில் பணம் வந்துவிடும் என்றும் அதில் இருந்தது. தகுதிகாண் காலத்தில் இருக்கும் ஒருவர் மண்டல மேலாளரிடம் மறுத்துப் பேசுவாரா? மூன்று அட்டைகளின் எண்களை அனுப்பிய பிறகுதான், பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்துத் தடுத்தார். உடனே இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தோம். அதற்குள் மூன்றும் செலவழிக்கப்பட்டிருந்தன. 30,000 ரூபாய் போனது போனதுதான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி, மண்டல மேலாளரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். அன்று மாலை கிளையின் தொடர்பு எண் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்தது, மூன்றாண்டுகளுக்கு முன்பே மாற்றலாகிச் சென்றவருடைய எண்.