கேடோ ஏரி மாநிலப் பூங்கா, டெக்சஸ்: துடுப்புப் படகில் போய் வந்தவர்களின் அனுபவங்கள்

டாலஸிலிருந்து:

அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார்கள். மால், மியூசியம் எல்லாம் காட்டி முடித்தாகிவிட்டது. அமைதியாக எங்காவது தண்ணீர்ப் பக்கம் கூட்டிப்போ என்று அப்பா கேட்டதால், நவம்பர் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கேடோ ஏரிக்குக் கிளம்பினோம். ஐ-20 சாலையில் கிழக்கே மார்ஷல் வரை போய், அங்கிருந்து 43ஆம் நெடுஞ்சாலையில் கார்னாக் பக்கம் திரும்ப வேண்டும். மூன்று மணி நேரம் பிடிக்கும்.

ஏரி டெக்சஸிலும் லூசியானாவிலுமாகப் பரந்து கிடக்கிறது. ஏறக்குறைய 25,000 ஏக்கர். ஆனால் அவ்வளவு பெரியது என்று பார்த்தால் தெரியாது. எங்கே திரும்பினாலும் சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன. நடுவில் சந்து சந்தாக நீர்வழிகள். பூங்காவுக்குள்ளேயே கேனோ வாடகைக்குக் கிடைத்தது. சா மில் பாண்ட் என்ற பகுதியில் துடுப்புப் போட்டோம். இந்தக் குட்டை மட்டும் போதும், அரை நாள் போய்விடும். சைப்ரஸ் ஊசியிலை மரந்தான், ஆனாலும் இலை உதிர்க்கும். நவம்பரில் செம்பழுப்பாகிக் கொட்டும் இலைகள் தண்ணீர் மேல் மிதந்துகொண்டே இருந்தன. துடுப்பை நிறுத்தினால் அவை படகின் பக்கவாட்டில் உரசுவதுகூடக் காதில் விழுந்தது.

கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் நீளமாகத் தொங்குவது ஸ்பானிஷ் மாஸ். அப்பா அதைப் பார்த்ததும் "இது புல்லுருவி, மரத்தையே தின்னுடுமே" என்று கவலைப்பட்டார். அப்படி இல்லையாம். பூங்கா ஊழியர் ஒரு கொத்தை அப்பாவின் கையில் கொடுத்தே விளக்கினார்: இது அன்னாசிக் குடும்பத்துச் செடி, மழையிலும் காற்றிலும் இருக்கும் ஈரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும், மரத்தைப் பற்றிக்கொண்டு தொங்குவதோடு சரி. அப்பா அதை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஒன்று மட்டும் கவனம். சைப்ரஸின் வேர்முட்டுகள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒளிந்திருக்கும். மெதுவாகப் போனால் படகு லேசாகத் தட்டி விலகிவிடும். வேகமாகப் போனால் கவிழலாம்.

ஹூஸ்டனிலிருந்து:

நாங்கள் மீன்பிடிக்கப் போனோம். பலருக்குத் தெரியாத விஷயம்: டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் கரையிலிருந்தோ பூங்காவின் மீன்பிடி மேடையிலிருந்தோ தூண்டில் போட லைசென்ஸ் வேண்டாம். படகில் போய்ப் பிடிப்பதாக இருந்தால் வேண்டும். எங்களுக்குக் கெளுத்தி மாட்டியது.

தங்குவதற்குப் பழைய கேபின்கள் உண்டு. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத இளைஞர்களை வைத்து அரசு நடத்திய சி.சி.சி. படையினர் கட்டிய பூங்கா இது. பழைய ராணுவக் கொட்டகைகளைத்தான் கேபின்களாக மாற்றியிருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் இடம் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். ராத்திரி ஆந்தைகள் மாறி மாறிக் கூப்பிடும். என் மகள் தூங்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிளேனோவிலிருந்து, சொந்த ஊர் யாழ்ப்பாணம்:

எல்லாரும் ஏரியின் அழகைச் சொல்லிவிட்டீர்கள். நான் அதைத் தின்னும் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

படகுத்துறையில் ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, சல்வீனியா என்ற மிதக்கும் நீர்ச்செடியின் படத்தோடு. அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. இலங்கையில் பள்ளிக்கூடத்திலேயே படித்த செடி. 1939இல் கொழும்புக்கு வந்து குளம், வயல், வாய்க்கால் எல்லாவற்றையும் மூடியது. கேரளத்தில் அதையே ஆப்பிரிக்கன் பாயல் என்பார்கள். உண்மையில் இதன் பூர்வீகம் பிரேசில். கேடோ ஏரியில் 2006இல் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

துடுப்பில் ஒட்டிய ஒரு துண்டை எடுத்துக் கிட்டத்தில் பார்த்தேன். விரல் நகமளவு இலை, நடுவில் மடிந்திருக்கிறது. மேலே வெண்மையான மயிர்கள். ஒவ்வொன்றும் நுனியில் முட்டை அடிக்கும் கரண்டி மாதிரி கூண்டாக முடிகிறது. தண்ணீர் ஊற்றினாலும் நனைவதில்லை, உருண்டு ஓடிவிடுகிறது. வெயிலும் சத்தும் சரியாக அமைந்தால் ஒரு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். மேலே பாய் விரித்தாற்போல் மூடிவிட்டால் கீழே வெளிச்சமில்லை, ஆக்சிஜன் குறையும், மீன்கள் சாகும்.

இதை அடக்க ஒரு சின்னக் கூன்வண்டு இருக்கிறது. நீளம் 2 மில்லிமீட்டர்தான் வரும். அதன் புழு செடியின் தண்டைக் குடையும், வளர்ந்த வண்டு மொட்டைத் தின்னும். இலங்கையிலும் கேரளத்திலும் 1980களில் இதே வண்டை விட்டார்கள், நல்ல பலன் கிடைத்தது. கிழக்கு டெக்சஸில் சிக்கல் என்னவென்றால், இது வெப்பநாட்டு வண்டு. கடும் உறைபனி வந்தால் பெரும்பகுதி செத்துப்போகும், செடியோ எங்காவது பிழைத்துக்கொள்ளும். அதனால் கண்ணாடிக்கூடத்தில் வளர்த்து மறுபடி மறுபடி ஏரியில் விடுகிறார்கள். ஏரிக்கரை மக்களே முன்வந்து இதற்கு உழைக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு அவ்வளவு மரியாதை வந்தது.

ஆகவே, சொந்தப் படகு கொண்டுபோகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஏரியை விட்டுக் கிளம்பும் முன் படகு, டிரெய்லர், நங்கூரக் கயிறு எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு துண்டு போதும், அடுத்த ஏரியும் போய்விடும். தண்ணீரை வடித்துக் காய வையுங்கள். டெக்சஸில் இது சட்டமும்கூட. செடியோடு பிடிபட்டால் ஒரு செடிக்கு 500 டாலர் வரை அபராதம்.

மறுபடி டாலஸிலிருந்து:

சல்வீனியா பற்றி எழுதியதற்கு ரொம்ப நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஊரில் ஆகாயத்தாமரை மூடிய குளத்தைத் தன் கையால் வாரியவர் அவர், பாதியிலேயே "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டினார். ஆகாயத்தாமரையும் இந்த ஏரியில் இருக்கிறது.

குழந்தைகளோடு போகலாமா என்று தனிமடலில் கேட்டவருக்கு: தாராளமாகப் போகலாம். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த மாதிரிச் சிறு படகில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். எல்லாருமே போட்டுக்கொள்வது நல்லது. முதலை இனமான அலிகேட்டர் ஏரியில் உண்டு. நாங்கள் பார்த்தது ஒன்றுதான், கரையோரம் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. குறைந்தது முப்பது அடி தள்ளியே இருங்கள். எதையும் தின்னப் போடாதீர்கள், அது சட்டப்படி குற்றம். பிள்ளைகளைத் தண்ணீரில் காலை விட விடாதீர்கள். கொசு மருந்து அவசியம். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போனோம், கரையோர மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட வசதியாக இருந்தது.